ஒரே சீசனில் ஊரை நிமிர வைத்தவர்கள்... தெரியுமா உங்களுக்கு?

2019 தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு எப்பேர்ப்பட்ட ஆண்டு தெரியுமா? மார்ச் 9-ஆம் தேதி ஆண்களுக்கான ஐ-லீக் கோப்பை கோயம்புத்தூரில் நம் கைக்கு வந்தது. மே 22-ஆம் தேதி இந்தியப் பெண்கள் லீக் கோப்பை மதுரைப் பக்கம் வந்து சேர்ந்தது. இரண்டரை மாதத்துக்குள் இரண்டு தேசியக் கோப்பைகள்! அதுவரை இந்த இரண்டில் ஒன்றைக்கூடத் தமிழ்நாட்டு அணி எதுவும் வென்றதில்லை. கிரிக்கெட்டில் இப்படி நடந்திருந்தால் ஆண்டுதோறும் அந்தத் தேதிகளில் டி.வி.யில் திரும்பத் திரும்பப் போட்டிருப்பார்கள். கால்பந்து என்பதால் இன்று பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்குத்தான் நினைவிருக்கிறது. அதனால்தான் மூச்சு வாங்காமல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்!

முதலில் ஆண்கள் அணி. சென்னை சிட்டி எஃப்.சி.யின் வேர் 1946-ல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் தொடங்கிய ஒரு பழைய கிளப் என்று தெரியுமா? பெயரில் சென்னை இருந்தாலும் கோப்பை வென்ற சீசனில் சொந்த மைதானம் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். அதற்கு முந்தைய சீசனில் பத்து அணிகளில் எட்டாவது இடம். அந்த அணி சாம்பியன் ஆகும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்த சிலரைக் கூட்டி வந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் பெட்ரோ மான்சி. 2018 அக்டோபர் 26-ஆம் தேதி, சீசனின் முதல் ஆட்டம், இந்தியன் ஏரோஸ் அணிக்கு எதிராக. இறங்கிய முதல் நாளே ஹாட்ரிக்! சீசன் முடியும்போது அவர் கணக்கில் 21 கோல்கள். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21. லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர்கள் இந்த இருவரும்தான்.

இனிமேல்தான் நெஞ்சு படபடக்கும் கட்டம். கடைசி நாள், கடைசி ஆட்டம். சென்னை சிட்டி 40 புள்ளி, நூறு வயதை நெருங்கிக்கொண்டிருந்த கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளி. இங்கே கோவையில் எதிரணி யார் தெரியுமா? நடப்புச் சாம்பியன் மினர்வா பஞ்சாப்! அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவோடு மோதுகிறது. கோவையில் மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் அடித்துவிட்டது. இடைவேளை வரை நம்மவர்கள் 0–1 என்று பின்தங்கித்தான் இருந்தார்கள். ஸ்டேடியத்தில் பாதிப் பேர் ஆட்டத்தைப் பார்க்க, மீதிப் பேர் கையிலிருந்த போனில் கோழிக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பாதியில் பெனால்டி. மான்சி உள்ளே தள்ளினார், 1–1. அடுத்த இரண்டு கோல்களையும் அடித்தவர் யார்? இன்னொரு ஸ்பெயின்காரர் என்று நினைப்பீர்கள். கவுரவ் போரா! கோல் போகாமல் தடுப்பதே வேலையாக இருந்த டிஃபெண்டர், சீசனின் மிகப்பெரிய நாளில் இரண்டு கோல் போட்டார். இரண்டாவது, கூடுதல் நேரமாகக் கொடுத்த நிமிடங்களில். 3–1!

அங்கே கோழிக்கோட்டில் என்ன ஆயிற்று? கோகுலம் முதலில் முன்னிலை பெற்றது, பிறகு ஈஸ்ட் பெங்கால் மீண்டு வந்து 2–1 என்று வென்றேவிட்டது. அதாவது நம்மவர்கள் வெல்லாமல் விட்டிருந்தால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். முடிவில் சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளி! இதில் இன்னொரு அதிசயம், அந்த சீசனில் ஈஸ்ட் பெங்காலை அவர்கள் ஊரில் 2–1, நம் ஊரில் 2–1 என்று இரண்டு முறையும் சாய்த்தது இதே சென்னை சிட்டிதான். கடைசி நாள் கோவையில் கிடைத்த மூன்று புள்ளிகளைப் போலவே, நவம்பர் மாதம் கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் எடுத்த மூன்று புள்ளிகளும் கோப்பையைத் தந்தவை. 20 ஆட்டங்களில் 48 கோல் போட்ட அணி அது. பயந்து பயந்து 1–0 என்று ஒட்டி ஓட்டிய அணி இல்லை. என்னைக் கேட்டால் தமிழ்நாட்டு மண்ணில் ஆடப்பட்ட ஆகச் சிறந்த கால்பந்து சீசன் அதுதான்.

சரி, பெண்கள் கோப்பை எங்கிருந்து வந்தது தெரியுமா? ஓர் இன்ஜினியரிங் கல்லூரிக் குடும்பத்திலிருந்து! விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி பக்கத்தில், புல்லூரில் இருக்கிற சேது இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியை நடத்தும் சீனி மொகைதீன் 2016-ல் கட்டி எழுப்பிய அணிதான் சேது எஃப்.சி. பிளேஸ்மென்ட் சதவீதத்தை பேனரில் அடிக்கிற கல்லூரிகளைத்தான் நமக்குத் தெரியும். இங்கே ஒரு கல்லூரிக்காரர் பெண்கள் கால்பந்துக்குப் பணத்தைப் போட்டார், மூன்றே ஆண்டில் தேசியக் கோப்பை! 2019 லீக்கின் அரையிறுதியில் எல்லைப் பாதுகாப்புப் பணியில் இருக்கிற எஸ்.எஸ்.பி. அணியை 8–1 என்று நொறுக்கினார்கள். லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸை 3–1. மணிப்பூர் என்றால் பெண்கள் கால்பந்தில் சாதாரணப் பெயரா? தேசியச் சாம்பியன்ஷிப்பை ஏறக்குறையத் தன் வீட்டுச் சொத்தாகவே வைத்திருந்த மாநிலம். சேது அணியில் ஆடிய நேபாளத்தின் சபித்ரா பண்டாரி பின்னாளில் பிரான்ஸின் முதல் நிலை லீக் வரை போனவர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு ஓராண்டு முன்னால், 2018 பிப்ரவரியில், கட்டாக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி அதே மணிப்பூரை 2–1 என்று வென்று வரலாற்றில் முதல் முறையாகத் தேசியச் சாம்பியன் ஆனதும் தெரியுமா? அந்த இறுதி ஆட்டத்தில் கோல் அடித்தவர்களில் ஒருவர் கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர்! கொரோனா நாட்களில் இந்தியாவுக்கு ஆடிய இந்த வீராங்கனை சென்னைச் சாலையில் முகக்கவசத்தோடு நின்று டூட்டி பார்த்தார். சுனாமி அடித்துப்போட்ட கடலூரில் பெற்றோரை இழந்த பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு மாரியப்பன் என்ற பயிற்சியாளர் கால்பந்து கற்றுக்கொடுத்ததும், அங்கிருந்து இந்திய அணிக்கே ஆள் போனதும் தனியாக ஒரு புத்தகம் எழுத வேண்டிய விஷயம்.

சேது அணியின் கல்லூரியைச் சொன்னேனே, கல்லூரி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. உலகத்திலேயே ஒரு கல்லூரி அணி ஆடிய மிக மிக நம்ப முடியாத சீசன் எது தெரியுமா? 1899! அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து மலை மேல் செவானி என்று ஒரு சின்னக் கல்லூரி. அவர்கள் ஆடியது அமெரிக்க ஃபுட்பால், முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஆளை இடித்துத் தள்ளி ஓடுகிற ஆட்டம். இன்றைக்கு டி.வி.யில் பார்க்கிற மாதிரி பந்தை முன்னால் எறிய அப்போது அனுமதியே கிடையாது. அது 1906-ல்தான் வந்தது. ஹெல்மெட்டும் கட்டாயமில்லை. எலும்போடு எலும்பு மோதுகிற ஆட்டம்.

பக்கத்து ஊர் வாண்டர்பில்ட் அணியோடு டிக்கெட் வசூலைப் பங்கிடுவதில் தகராறு. வழக்கமான ஆட்டம் ரத்து. அணிக்குக் காசு வேண்டும். அணியின் மேனேஜர் லூக் லீ, அவரும் மாணவர்தான், என்ன செய்தார் தெரியுமா? ஆறே நாளில் ஐந்து ஆட்டங்கள் பேசிவிட்டார்! நவம்பர் 9, ஆஸ்டின்: டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை 12–0. அன்றிரவே ரயில். மறுநாள் ஹூஸ்டன்: டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை 10–0. மறுபடி ரயில். மறுநாள் நியூ ஆர்லியன்ஸ்: டுலேன் அணியை 23–0. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு. திங்கள் பாட்டன் ரூஜ்: எல்.எஸ்.யு. அணியை 34–0. செவ்வாய் மெம்ஃபிஸ்: மிசிசிப்பி பல்கலைக்கழகத்தை 12–0. கூட்டிப் பாருங்கள், 91–0! ஐந்து பெரிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. பயண தூரம் மொத்தம் 2,500 மைல். சென்னையிலிருந்து ரயிலில் டெல்லிக்குப் போய்த் திரும்புகிற தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. இடையில் ஐந்து ஆட்டம்! ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் பையன்கள் வயிற்றுப்போக்கில் விழுந்துவிடக் கூடாது என்று செவானி ஊற்றுத் தண்ணீரை இரண்டு பீப்பாயில் ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வெளியூர் டோர்னமென்ட்டுக்குப் போன எந்தப் பையனைக் கேட்டாலும் லூக் லீயின் புத்திசாலித்தனத்தைப் புரிந்துகொள்வான்.

முழு சீசன் கணக்கு என்ன தெரியுமா? 12 ஆட்டம், 12 வெற்றி, 322–10. அந்தப் பத்துப் புள்ளியும் ஒரே அணி எடுத்தது, ஆபர்ன். ஆட்டம் 11–10 என்று முடிந்தது. ஆபர்னின் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். இன்று அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் மிகப்பெரிய விருது அவர் பெயரில்தான் இருக்கிறது! இன்னும் கேளுங்கள். இந்த செவானி 1932-ல் எஸ்.இ.சி. என்ற பெரிய கல்லூரி லீக்கின் நிறுவன உறுப்பினராகச் சேர்ந்தது. 1940-ல் வெளியேறும் வரை அந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஒரு சீசனில் உலகத்தையே புரட்டிய அணி, பிறகு அந்த லீக்கில் ஒரு வெற்றிகூட இல்லாமல் ஏழெட்டு ஆண்டு ஆடியது. அணிகள் அப்படித்தான், ஆட்கள் மாறினால் எல்லாம் மாறிவிடும்.

லூக் லீ அதோடு நிற்கவில்லை. பிறகு பத்திரிகை நடத்தினார், அமெரிக்க செனட்டரும் ஆனார். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919 ஜனவரியில், நெதர்லாந்தில் ஒரு மாளிகையில் அடைக்கலம் புகுந்திருந்த ஜெர்மனியின் முன்னாள் மன்னர் கைசரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று சில சிப்பாய்களோடு காரில் கிளம்பிவிட்டார்! மாளிகைக்குள்ளேயே போய்விட்டார்கள். கைசர்தான் வெளியே வரவில்லை. வெறுங்கையோடு திரும்பிய லீக்கு ராணுவத்திடமிருந்து கண்டனக் கடிதம்தான் மிச்சம்.

அந்தக் கைசருக்கும் வடசென்னைக்கும் என்ன சம்பந்தம் தெரியுமா? 1914 செப்டம்பர் 22 இரவு, அதே கைசரின் எம்டன் கப்பல்தான் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது! டென்னசியில் ரயில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்த ஒரு காலேஜ் பையனின் கதை, சுற்றிச் சுற்றி நம் ராயபுரம் பக்கத்துக் கடலுக்கே வந்து நிற்கிறது பாருங்கள்!

ராயபுரத்திலிருந்து கொஞ்சம் மேற்கே போனால் வியாசர்பாடி. கால்பந்தையும் கேரம் போர்டையும் விட்டால் பேச்சே இல்லாத பகுதி. முன்னாள் ஆட்டக்காரர்களான உமாபதியும் தங்கராஜும் 1990-களின் பிற்பகுதியில் குடிசைப் பகுதிப் பிள்ளைகளை முல்லை நகர் மைதானத்தில் கூட்டி ஆட வைத்தார்கள். ஆட வந்தவன் பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. அங்கிருந்து கிளம்பியவர்தான் தனபால் கணேஷ். 2018 மார்ச் 13, சென்னை நேரு ஸ்டேடியம், ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். எதிரணி கோவா, அவர்கள் ஊரில் நடந்த முதல் ஆட்டம் 1–1. இங்கே ‘சென்னையின் எஃப்.சி.’ (சென்னை சிட்டி அல்ல, இது வேறு அணி) 3–0 என்று வென்றது. அதில் ஜேஜே போட்டது இரண்டு. நடுவில் வந்த ஒன்று? வியாசர்பாடி கணேஷ் போட்டது! அவர் வளர்ந்த தெருவிலிருந்து அந்த ஸ்டேடியம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். நான்கே நாள் கழித்து, பெங்களூருவில், லீக்கில் எட்டுப் புள்ளி வித்தியாசத்தில் முதலிடம் பிடித்திருந்த பெங்களூரு அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 3–2 என்று வீழ்த்திக் கோப்பை. பெங்களூருவின் சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்தில் கோல் போட்டுவிட்டார். அதற்குப் பதில் சொன்னது மெய்ல்சன் ஆல்வெஸ், கார்னரிலிருந்து வந்த இரண்டு பந்துகளைத் தலையால் முட்டி இரண்டு கோல். இவரும் டிஃபெண்டர்தான்! தமிழ்நாட்டு அணிகளின் பெரிய நாட்களில் டிஃபெண்டர்களுக்கு என்னதான் ஆகிவிடுகிறதோ!

இன்னும் வடக்கே வாருங்கள், எண்ணூர் தாண்டி, கொசஸ்தலையாற்றைத் தாண்டி, எங்கள் காட்டுப்பள்ளிக்கு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், தெற்கே காமராஜர் துறைமுகம், அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள், நடுவில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் கிரேன்கள். கடல் தண்ணீரை ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீராக்கும் ஆலையும் இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை மாலை கரையில் நின்று பாருங்கள். யார்டில் ஷிஃப்ட் முடித்து வந்த பையனும், விடியற்காலையில் வலை இழுத்துவிட்டு வந்த பையனும் ஒரே டீம். செருப்பை நட்டால் கோல்போஸ்ட். மணலில் பந்து உருளவே உருளாது. தரையோடு பாஸ் கொடுத்தால் மூன்றடியில் நின்றுவிடும். அதனால் எல்லோரும் பந்தைக் கட்டைவிரலுக்கும் பாதத்துக்கும் நடுவில் கோரியெடுத்துத் தூக்கித்தான் அடிப்பார்கள், நெஞ்சில் வாங்கித்தான் நிறுத்துவார்கள். மணலில் அரை மணி நேரம் ஓடிய கெண்டைக்கால் புல்தரையில் ஒன்றரை மணி நேரம் சளைக்காது. ரோட்டோரம் டிரெய்லரை நிறுத்திவிட்டு டிரைவர்கள் ஏறி நின்று பார்ப்பதையும், கோல் விழுந்தால் ஹாரன் அடிப்பதையும் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கணேஷைப் போல இன்னும் நாலு பேர் இந்த மணலில் இருக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்!

மழையைப் பற்றி எங்கள் பக்கத்தவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை, ஆறு முடிகிற இடத்தில் இருக்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்தை யார் மறப்பார்கள்? விமான நிலையமே மூடிக் கிடந்தது. 1878-ல் தொடங்கிய இந்து நாளிதழின் சென்னைப் பதிப்பு, வரலாற்றிலேயே முதல் முறையாக ஒரு நாள் அச்சாகவில்லை! அந்த மாதம்தான் சென்னையின் எஃப்.சி. அரையிறுதிக்குத் தகுதி பெற்றிருந்தது. எப்படித் தகுதி பெற்றது? லீக்கில் ஒரு கட்டத்தில் கடைசி இடத்தில் கிடந்த அணி, கடைசி நான்கு ஆட்டங்களையும் வரிசையாக வென்று மூன்றாம் இடத்துக்கு ஏறியது! பயிற்சியாளர் யார் தெரியுமா? 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடேனிடம் நெஞ்சில் முட்டு வாங்கினாரே, அதே மார்கோ மெட்டராசி!

சொந்த ஊர் அரையிறுதியைச் சொந்த ஊரில் ஆட முடியவில்லை. புனேவுக்கு மாற்றினார்கள். ஊர் தண்ணீரில் நிற்க, அங்கே போய்க் கொல்கத்தாவை 3–0 என்று அடித்தார்கள். டிசம்பர் 20, கோவா ஃபதோர்டா ஸ்டேடியத்தில் கோவா அணியோடு இறுதி ஆட்டம். 87-வது நிமிடத்தில் கோவா 2–1 என்று முன்னிலை. கோவாக்காரர்கள் கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள். 90-வது நிமிடம், கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் கையில் பட்டுப் பந்து சொந்த வலைக்குள், 2–2. அடுத்த இரண்டாவது நிமிடம் ஸ்டிவன் மெண்டோசா, 3–2! கோப்பை சென்னைக்கு! அந்த சீசனில் மெண்டோசா போட்டது 13 கோல். வீட்டுக்குள் புகுந்த சேற்றை வழித்துக்கொண்டிருந்த ஊருக்கு அன்றிரவு கிடைத்த சந்தோஷம் அது.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். 2019-ல் ஐ-லீக் வென்ற சென்னை சிட்டி, அடுத்த ஆண்டு ஜனவரியில் ஆசியச் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் அல்-ரிஃபா அணியோடு ஆடி 1–0 என்று தோற்றது. ஆசிய மேடைவரை போன அந்த அணி இன்று லீக்கிலேயே இல்லை. சாம்பியன் பட்டம் வென்ற ஓர் அணி இரண்டு மூன்று ஆண்டில் காணாமல் போவதை வேறு எந்த ஊர் பொறுத்துக்கொள்ளும்? எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

ஆனால் அந்த ஜெர்சியைப் போட்டவர்கள் காணாமல் போகவில்லை. எட்வின் சிட்னி வான்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்குப் போனார். 2017-ல் சென்னை சிட்டிக்காக ஐ-லீக் ஆடிய சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் எங்கே போனார் தெரியுமா? சென்னை சிட்டி இரண்டு முறை சாய்த்த அதே ஈஸ்ட் பெங்காலுக்கு! 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பை, கொல்கத்தா டெர்பி. நாலரை ஆண்டாக மோகன் பகானிடம் தோற்றுத் தோற்று நொந்து போயிருந்த ஈஸ்ட் பெங்கால் 1–0 என்று வென்றது. அந்த ஒரே கோல் நந்தகுமாருடையது. ஐந்து மாதம் கழித்து சூப்பர் கோப்பை இறுதியில் ஒடிசாவை 3–2 என்று வென்று, பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு ஈஸ்ட் பெங்கால் ஒரு தேசியக் கோப்பையைத் தூக்கியபோது, அதன் முதல் கோலைப் போட்டவரும் அவர்தான்!